கையில் கொடுத்த துரும்பு

எங்கள் தெருவில் கட்டின புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட முதல் பொம்பளை நான்தான். தண்டையார்பேட்டையில் அந்தக் காலத்தில் வேறு எவளும் அதைச் செய்ததில்லை. பக்கத்து வீட்டுப் பூவம்மாவின் புருஷன் பேர் ஏழுமலை. அதனால் அவள் எண்ணும்போது ஆறுக்கு அப்புறம் எட்டுதான் வரும். திருப்பதிக்குப் போய்வந்தால்கூட "அந்த மேட்டுக்குப் பூட்டு வந்தோம்" என்பாள். நான் மட்டும் ஹார்பர் கேட்டில் நின்றுகொண்டு, ஷிப்ட் விட்டு வருகிற கூட்டத்தைப் பார்த்து "வரதா" என்று கூவுவேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதில் என் குற்றம் ஒன்றும் இல்லை. அவர்தான் அந்தப் பேரை விட்டுவிட்டார். "வரதன் என்பது வடமொழி, இனிமேல் நான் அருளாளன்" என்று ஒரு பொதுக்கூட்டத்தில் அறிவித்தார். அன்றிலிருந்து நான் வாயால் சொல்லக்கூடாத பேர் அருளாளன். இன்றுவரை சொன்னதில்லை, எழுதத்தான் எழுதுகிறேன். வரதன் யாரோ ஒரு ஆள். யாரோ ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கென்ன தடை? இதை அவரிடமே சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளுக்கும் தமிழில் அருளாளன் என்றுதான் பேர் என்று என் நைனா, என்னைப் பெற்ற அப்பா, சொன்னபோதும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாமி கும்பிடாத கட்சிக்காரர், பாவம்.

வரதன் ஹார்பர் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். சாயங்காலம் ஆனால் கழகப் பேச்சாளர். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுகிற நாலு சீமையும் டில்லியை விட்டுப் பிரிந்து திராவிட நாடு என்று தனி நாடாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. என் நைனா சென்னகேசவலு காங்கிரஸ். ராயபுரத்தில் வீடு, தோளில் எப்போதும் கதர் துண்டு. எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. நைனாவுக்கு இந்த நாடு ஒன்றுதான், அதைத் துண்டு போடப் பேசுகிறவன் கிறுக்கன். கிறுக்கனுக்குப் பெண்ணைக் கொடுத்தது எப்படி என்றால், நான் கேட்டேன், கொடுத்தார். வரதன் பேசுவதைக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்தது. இப்போதும் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்ததைப் படித்துவிட்டு வேறு மாதிரி நினைக்கக்கூடாது.

வேலை விட்டு வந்ததும் சுவரில் மாட்டின கண்ணாடி முன்னால் நின்று அவர் பேசிப் பார்ப்பார். திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை முடித்து நானும் அப்போதுதான் வந்திருப்பேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பேன். அவருக்குச் சொல் மறந்தால் நான் எடுத்துக் கொடுப்பேன். நானும் கூடச் சொல்லிப் பார்ப்பேன், எனக்கு மறந்தால் அவர் எடுத்துக் கொடுப்பார். எனக்குச் சந்தேகம் வந்தால் நடுவில் நிறுத்திக் கேட்பேன்.

"சேந்துகினு கீறதால நமக்கு இன்னா கொறஞ்சி பூடுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சேந்து கீறது தப்புன்னு யாரு சொன்னா? போணும்னா போலாம்னு இருக்கணும். அப்பிடி இல்லாங்காட்டி அதுக்குப் பேரு சேந்து கீறதா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "அப்போ தாப்பா எந்தப் பக்கம் கீதுன்னு பாக்கணும். உள்பக்கம் கீதுன்னா வூடு. வெளிப்பக்கம் கீதுன்னா ஜெயிலு."

அவர் கண்ணாடியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் அது "தாழ்ப்பாள் உள்ளே இருந்தால் இல்லம், வெளியே இருந்தால் சிறைச்சாலை" என்று வெள்ளைவேட்டி கட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அதற்கு விழுந்த கைதட்டல் வேறு எதற்கும் விழவில்லை. அது என்னுடைய கைதட்டல். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

வினை வந்தது திருவொற்றியூர் தேரடிக் கூட்டத்தில். ஆந்திரர்கள் தனி மாகாணம் கேட்டு ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம். நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நைனாவும் வந்திருந்தார். மாப்பிள்ளை பேசுகிற கூட்டம் எதையும் அவர் விட்டதில்லை. ஓரமாக நின்று, தலையை ஆட்டி ஆட்டி மறுத்துக்கொண்டே கடைசிவரை கேட்பார். அன்று வரதன் பேசி முடித்ததும் நைனா கையைத் தூக்கினார்.

"மாப்ளே, ஒரு சந்தேகம்பா."

கூட்டம் சிரித்தது. வரதனும் சிரித்தபடி, "கேளுங்கள் பெரியவரே" என்றார்.

"நாளிக்கி ஒன் நாடு வருதுன்னு வச்சிக்க. எங்க தெலுங்குக்காரங்க வந்து, இது எங்களுக்கு ஒத்துக்கல, நாங்க பூட்றோம்னு சொன்னா, வுட்ருவியா?"

நல்ல கேள்வி. கல் பொறுக்கும்போது எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும். வரதன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அந்த ஐயமே வேண்டாம். உடன்பிறப்புகள் பிரிவதில்லை. சான்று என் இல்லத்திலேயே இருக்கிறது. என் துணைவி திருமகள் தெலுங்கு பேசும் குடியில் பிறந்தவள். அவள் என்னை விட்டுப் போய்விடுவாளா?"

கைதட்டினார்கள். என் பேர் வரலட்சுமி. திருமகளா? யார் அவள்? ரெண்டாந்தாரம் கட்டக்கூடாது என்று சட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வந்த பிறகும் அங்கங்கே ஓசைப்படாமல் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த மனுஷன் ஓசைப்படாமல்கூட இல்லை, மைக் வைத்துச் சொல்கிறார். அவளும் தெலுங்குக்காரியாம். நான் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு அடியில் போய் நின்றேன்.

"யோவ், யாருய்யா அந்தத் திருமகளு?"

அவர் குனிந்து மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. "நீதான்" என்று தேரடி முழுக்கக் கேட்டது.

"நானா? எப்பலேந்து?"

அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தில் வேறு பேச்சு எடுபடவில்லை. தலைவர் நாற்காலியில் இருந்தவரே சிரிப்பை அடக்க முடியாமல் சோடா கேட்டார். நைனா கதர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். வரதன் முகம் செத்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது கதவுக்கு மேலே புதுப் பலகை. கறுப்பும் சிவப்புமாக "அருளாளன் – திருமகள் இல்லம்" என்று எழுதி அன்று மத்தியானமே மாட்டியிருக்கிறார். பெயிண்ட்டுகூடக் காயவில்லை.

"வரலட்சுமின்றது வடமொழி," என்றார். கூட்டத்தில் பட்ட அவமானம் இன்னும் முகத்தில் இருந்தது. "லட்சுமின்னா தமிழ்ல திருமகள். நல்ல பேருதான? இனிமே தெருவுல எல்லாரும் அப்பிடித்தான் கூப்புடணும்னு சொல்லி வச்சிக்கீறேன். நைனான்னும் சொல்லாத. தந்தைன்னு சொல்லு."

"ஒம் பேர நீயா மாத்திக்கின. எம் பேர மாத்த என்னிய யாரு கேட்டது?"

"நல்லதுக்குத்தான சொல்றேன். இதுல கேக்கறதுக்கு இன்னா கீது?"

"டில்லிக்காரனும் அத்தயேதான சொல்றான். இந்தி படி, நல்லதுக்குத்தான் சொல்றேன்னு."

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்திருந்தால்கூடத் திருப்பி ரெண்டு போட்டுவிட்டு அழுது தீர்த்திருப்பேன். என் அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே செத்துப்போனாள். அவள் எனக்கு விட்டுப்போனது ஒரு பித்தளைக் குடமும் இந்தப் பேரும். குடம் ஓட்டை விழுந்து ஈயம் பூசுகிறவனிடம் போய்விட்டது. பேரையும் இவர் எடுத்துக்கொண்டால் அப்புறம் அவள் கொடுத்தது என்று என்னிடம் என்ன இருக்கும்? அதை அவரிடம் சொன்னேன். "பழசையே புடிச்சிக்கினு தொங்காத" என்றார்.

அடுத்த வாரம் முழுக்கத் தெருவில் என்னை ஒவ்வொருத்தரும் திருமகள் என்று கூப்பிட்டார்கள். நான் யாருக்கும் திரும்பவில்லை. பூவம்மா அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்து, நின்று நின்று பார்த்துவிட்டு நெருப்பு இல்லாமலே போனாள். வரதன் கூப்பிட்டபோதும் திரும்பவில்லை. சோறு வேண்டுமென்றால் சட்டியைத் தட்டிக் காட்டினார். தட்டினால் போடுவேன்.

சனிக்கிழமை ராயபுரம் போய் நைனாவிடம் சொன்னேன். "எனக்குத் துரும்பு வேணும் நைனா. பெரியதனக்காரர்கிட்ட நீதான் பேசணும்."

துரும்பு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். புருஷன் பெண்டாட்டி ஒத்து வரவில்லை என்றால் தெருக்கூட்டத்தில் நியாயம் சொல்கிற பெரியதனக்காரர் வைக்கோலில் இருந்து ஒரு துரும்பை உருவிப் புருஷன் கையில் கொடுப்பார். அவன் அதைக் கிள்ளிப் போட்டால் உறவு அத்தோடு தீர்ந்தது. அவளும் வேறு கட்டிக்கொள்ளலாம், அவனும் கட்டிக்கொள்ளலாம். பெண்டாட்டி துரும்பு கேட்கலாம். ஆனால் கிள்ளுகிற கை புருஷனுடையது. அவன் மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டால் அவள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

நைனா பதறிவிட்டார். "பேருக்காவா துரும்பு கேக்கற? சேந்து இருந்தாத்தாம்மா பலம். ஒரு கோவத்துல பிரிஞ்சிட்டா அப்பால ஒட்டாது."

"நான் வுட்டுப் பூடமாட்டேன்னு அவரும் மேடையில சொன்னாரு. ஒனக்கும் ஒன் மாப்ளைக்கும் ஒரு விஷயத்துலயாவது ஒத்துப்போச்சே" என்றேன்.

பெரியதனக்காரர் எல்லப்பன், கிடங்குகளுக்குச் சாமான் ஏற்றுகிற மாட்டுவண்டிகளுக்கு மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல், வண்டிகளை அவிழ்த்துவிடுகிற வெட்டவெளியில் கூட்டம் போட்டார். தெருவே வந்திருந்தது. கழகப் பையன்கள் தங்கள் பேச்சாளருக்கு ஆதரவாக ஒரு பக்கம் நின்றார்கள். என் மாமியார் குப்பம்மா ஒரு வண்டியின் நுகத்தடி மேல் உட்கார்ந்திருந்தாள்.

எல்லப்பன் வரதனைப் பார்த்தார். "இன்னாப்பா சொல்ற? அவ தீத்துக்கணும்ன்றா."

வரதன் எழுந்தார். மேடை இல்லாத இடத்தில் அவருக்குப் பேச்சு கொஞ்சம் தடுமாறும். "குடும்பம்னா ஆயிரம் இருக்கும் பெரியதனம். சின்னச் சின்ன மனத்தாங்கலுக்கெல்லாம் பிரிஞ்சிக்கினே போனா எந்தக் குடும்பம் நிக்கும்? சேந்திருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் பலம். தனியா பூட்டு இவ எப்பிடிப் பொழைப்பா? நாலு பேரு நம்பள மதிப்பாங்களா? ஒரு கொறையா, சொன்னா பேசித் தீத்துக்கலாம். பிரியறதுன்ற பேச்சே வேணாம்."

நைனா பக்கத்தில் இருந்தவரிடம், "மெய்யாலுமே இது எங்க கட்சிப் பேச்சு. போன மாசம் ராயபுரத்துல எங்காளு பேசனது, அப்பிடியே கீது" என்றார். மெதுவாகப் பேச நைனாவுக்கு வராது. கழகப் பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

குப்பம்மா நுகத்தடியில் இருந்தபடியே சொன்னாள். "பேரு மாத்தனதுக்கா இம்மாம் பேஜாரு? கட்டிக்கினு வந்தன்னிக்கி எனக்குந்தான் எம் மாமியா குப்பம்மான்னு பேர மாத்துனா. நான் இன்னா கூட்டமா போட்டேன்?"

"அதுக்கு முன்னாடி ஒன் பேரு இன்னா அத்தே?" என்று கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டேன்.

அவள் வாயைத் திறந்தாள். உடனே வரவில்லை. இத்தனை வருஷமாக யாரும் கேட்காத பேர், உள்ளே எங்கேயோ போய்விட்டிருந்தது. "ரங்கநாயகி" என்றாள் கடைசியில். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வரதன் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் சேதி.

"நீ இன்னாம்மா சொல்ற? காரணத்த ஒழுங்கா சொல்லு" என்றார் எல்லப்பன்.

நான் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினேன். பேச்சுக்கு நான் எங்கே போவேன்? மாதக்கணக்காகக் கேட்டு மனப்பாடம் ஆன பேச்சு ஒன்றுதான் என்னிடம் இருந்தது. கண்ணாடி முன்னால் அவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றேன். வலது கையை அவர் தூக்குகிற உயரத்துக்குத் தூக்கினேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே. காரணம் கேட்கிறார்கள். சேர்த்தபோது நம்மைக் கேட்டார்களா? நமக்குப் பெயர் வைத்தபோது நம்மைக் கேட்டார்களா? கேட்காமல் செய்துவிட்டு, உன் நன்மைக்குத்தான் என்கிறார்கள். நன்மை எது என்று சொல்லவேண்டியவர்கள் யார்? அதை அனுபவிக்கப் போகிறவர்கள் அல்லவா?"

கூட்டத்தில் ஓர் அசைவு. பின்னால் இருந்து ஒரு பையன் பழக்க தோஷத்தில் கை தட்டிவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் கையைப் பிடித்தான்.

"தனியாக நின்றால் பிழைக்க முடியுமா என்கிறார்கள். எங்களிடம் துறைமுகம் இல்லையா, உப்பளம் இல்லையா, உழைக்கும் கரங்கள் இல்லையா?" என்றேன். இது எனக்குப் பொருந்தவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "எங்கிட்ட தீப்பெட்டிக் கம்பெனி வேல கீது" என்று சேர்த்துக்கொண்டேன். பெண்கள் பக்கம் சிரித்தார்கள். பூவம்மா தன்னை மறந்து, "அப்பிடிக் கேளு வரலச்சுமி" என்றாள்.

"தாழ்ப்பாள் உள்ளே இருந்தால் இல்லம், வெளியே இருந்தால் சிறைச்சாலை. நாங்கள் பகையைக் கேட்கவில்லை. கதவைத்தான் கேட்கிறோம். பிரிந்து செல்லக் காரணம் வேண்டியதில்லை. சேர்ந்து வாழத்தான்..."

அங்கே எனக்கு மறந்துவிட்டது. நடிப்பு இல்லை, சத்தியமாக மறந்துவிட்டது. சேர்ந்து வாழத்தான் என்ன வேண்டும்? கல் பொறுக்கும்போது நூறு தடவை கேட்ட சொல், சம்மதம் என்பதற்கு அவர் வைத்திருந்த தமிழ்ச்சொல், நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை. கை மட்டும் மேலே நிற்கிறது. தெருவே என் வாயைப் பார்க்கிறது.

"இசைவு வேண்டும்" என்றார் வரதன்.

அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. எனக்கு மறந்தால் அவர், அவருக்கு மறந்தால் நான் என்று பழகிப்போன வாய், தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முதலில் எல்லப்பன் சிரித்தார், அப்புறம் தெரு முழுக்கச் சிரித்தது. கழகப் பையன்கள் இந்தத் தடவை கையைப் பிடித்துக்கொள்ளாமல் தட்டினார்கள்.

வரதன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் கையை இறக்கவில்லை.

"ஒன் வாயாலயே சொல்லிட்ட, அப்பால இன்னா?" என்று எல்லப்பன் மாட்டுக்குப் போட்டிருந்த வைக்கோலில் இருந்து நீளமாக ஒரு துரும்பை உருவி அவரிடம் நீட்டினார். "கிள்றியா, இல்லியா?"

வரதன் துரும்பை வாங்கிக்கொண்டார். ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்து வெகுநேரம் அதையே பார்த்தார். கிள்ளச் சொல்லிக் கேட்டவள் நான்தான். கிள்ளிவிடுவாரோ என்று பயந்தவளும் நான்தான். இந்த ரெண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனசுக்குள் இருக்கும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

அவர் நடந்து வந்து துரும்பை என்னிடம் நீட்டினார்.

"நான் கிள்ளமாட்டேன். எனக்கு இஷ்டம் இல்ல. ஆனா மாட்டேன்னு சொல்லிட்டு கையக் கட்டிக்கினு நிக்கவும் எனக்கு மூஞ்சி இல்ல. இத்த நீயே வச்சிக்க. ஒடிக்கணும்னா ஒடி, வரலச்சுமி."

"அது வழக்கம் இல்லியே. பொம்பள கையில துரும்பு குடுக்கறது இல்ல" என்றார் எல்லப்பன்.

"இன்னிலேந்து வழக்கம்னு வச்சிக்க பெரியதனம்" என்று நான் வாங்கிக்கொண்டேன். துரும்புக்கு என்ன கனம் இருக்கப் போகிறது. ஆனால் கையில் வந்ததும் ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. இனி நான் போகலாம். எப்போது வேண்டுமானாலும் போகலாம். யாரையும் கேட்க வேண்டாம். போகலாம் என்று ஆன பிறகு போயே தீரவேண்டும் என்ற அவசரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இன்னிக்கி ஒடிக்கல" என்றேன். "எங்கையிலயே இருக்கட்டும். வூட்டுக்கு வா, வரதா."

அன்றைக்கே பலகையைக் கழற்றினார். திருமகள் மேல் பெயிண்ட் அடித்து வரலட்சுமி என்று எழுதினார். லட்சுமிக்கு இடம் போதாமல் கடைசி எழுத்து பலகையின் ஓரத்தில் நசுங்கிப்போனது. துரும்பை நான் அதற்குப் பின்னால் செருகிவைத்தேன்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் அது எங்கள் ரெண்டு பேர் சங்கதி. ஆனால் கேள்வி கேட்டவர் என் நைனா. அவர் பதில் வாங்காமல் விடுகிற ஆளில்லை.

ஆந்திரா தனி மாகாணம் என்று முடிவாகி, மதராஸ் யாருக்கு என்று ரெண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் திருவொற்றியூர் தேரடியில் மறுபடியும் கூட்டம். வரதன் பேசி முடித்தார். எல்லாரும் எதிர்பார்த்த மாதிரியே ஓரத்தில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

"மாப்ளே, அன்னிக்கிக் கேட்டதுக்கு நீ பதில் சொல்லவேல்ல. ஒன் திராவிட நாட்டுலேந்து நாங்க பூட்றோம்னா வுடுவியா, வுட மாட்டியா?"

இந்தத் தடவை கூட்டம் சிரிக்கவில்லை. ஊர் இருந்த சூட்டில் அது சிரிக்கிற கேள்வி இல்லை. மேடையில் இருந்த பெரியவர்கள் வரதனைப் பார்த்தார்கள். உடன்பிறப்பு, பாசம், ஆயிரம் ஆண்டு உறவு என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு ஆயிரம் சொல் தெரியும். அவர் பெண்கள் வரிசையைப் பார்த்தார். நான் ஒன்றும் சைகை காட்டவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் அவருடையதாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

"வுடுவேன் மாமா" என்றார் மைக்கில். மேடைத் தமிழ் எங்கேயோ போய்விட்டது. "வுட்டுத்தான் ஆகணும். டில்லிகிட்ட நான் கேக்கறத ஒங்களுக்கு இல்லேன்னா நான் யாரு? துரும்பு ஒங்க கையிலயே இருக்கும். ஒடிக்கணும்னு ஒங்களுக்குத் தோணாத மாரி நடந்துக்கறது எங்க வேல. அதுல நாங்க தப்புனா நீங்க போலாம்."

நைனா கதர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார். காங்கிரஸ்காரர் ஒருத்தர் கழகக் கூட்டத்தில் முதலில் கை தட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். திரும்பி வரும்போது, "நாடு ஒண்ணாத்தான் இருக்கணும், நான் மாறல" என்றார் என்னிடம். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா டில்லியில கீறவன் எவனாவது எங்கிட்ட இப்பிடி ஒரு பதில் சொன்னான்னா, நாடு ஒண்ணா இருக்கணும்னு நான் இன்னும் சத்தமா சொல்லுவேன்" என்றார்.

நாடு பிரியலாமா கூடாதா என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் சண்டை நடக்கிறது. நைனா வந்தால் அடுப்பில் உலை கொதித்து வழிவதுகூடத் தெரியாமல் ரெண்டு பேரும் கத்துவார்கள். நான் யார் பக்கமும் இல்லை. யார் எந்த நாடு வைத்தாலும் சரி, துரும்பை ஜனங்கள் கையில் கொடுத்துவிட்டு வைக்கட்டும். கையில் வைத்திருக்கிறவர்கள் அவ்வளவு சுலபமாக ஒடித்துவிட மாட்டார்கள், எனக்குத் தெரியும்.

பலகைக்குப் பின்னால் இருக்கிற துரும்பு காய்ந்து காய்ந்து தானாகவே ஒடியப் பார்க்கும். தானாக ஒடிந்தால் அது கணக்கில் வருமா என்று எல்லப்பனுக்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் பழசை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டுப் புதுசு செருகுவேன். இந்த வருஷம் வேலையில் மறந்துவிட்டேன். பொங்கலுக்கு மறுநாள் வரதன் ஹார்பரில் இருந்து வந்தவர், சட்டைப் பையில் இருந்து எதையோ பத்திரமாக எடுத்து நீட்டினார்.

"இந்தா, வரலச்சுமி."

நல்ல நீளமான துரும்பு, நெல் வாசனைகூடப் போகாமல் இருந்தது. "இத்த எங்கய்யா புடிச்ச?" என்று கேட்டேன்.

"கல்கத்தாலேந்து வந்த மிஷின் பொட்டில சாமான் ஒடையாம இருக்க வச்சி அனுப்பிக்கீறான்" என்றார். "வடக்கத்தி வைக்கோலுதான். ஆனா நல்லா ஒடியும்."